அங்காதிபாதம் முதல் காந்தப் பரிவு வரை: யாழ்ப்பாணத்தில் உடலின் உட்புறத்தைக் கண்ட வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மனித உடலின் உட்புறத்தை வெட்டாமலே காணும் முறைகளின் வரலாற்றை, கருவிகள் வந்திறங்கிய ஆண்டுகளைக் கொண்டு எழுதப் புகுந்தால் அது ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். எக்ஸ் கதிர், மீயொலி, சி.ரி. ஸ்கான், எம்.ஆர்.ஐ. என்று உலகில் தோன்றிய வரிசையிலேயே அவை இங்கும் வந்தன. சில உரிய காலத்தில் வந்தன, சில மிகத் தாமதித்து வந்தன. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் முன்னரே வந்திருக்க வேண்டியவை என்று சில உண்டு: உடற்கூற்றைக் கற்ற கண், அதற்குச் செலவிட ஒருவரது பணம், அறாத மின்சாரம், திறந்திருக்கும் பாதை. இந்நான்கும் குடாநாட்டுக்குக் கிடைத்ததும் பறிபோனதுமே இங்கு நோய்ப்படிமவியலின் மெய்யான வரலாறாகும்.

ஐரோப்பிய மருத்துவம் வருவதற்கு முன்னர் இங்கு வழங்கிய சித்தமருத்துவம் உடலின் உள்நிலையைப் புறக்குறிகளால் உய்த்துணர்ந்தது. நாடி, தொடுநிலை, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வும், மூத்திரத்தில் ஒரு துளி எண்ணெயை விட்டு அது பரவும் விதத்தைக் கொண்டு நோயைக் கணிக்கும் நெய்க்குறியும் அதன் வழிகள். யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகளின் அரியணைப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் இந்த அறிவைப் பாட்டாகத் தொகுத்து வைத்தன. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேற்றினார். இம்முறையில் உறுப்பைக் காண வேண்டிய தேவை எழவில்லை. நோய் என்பது வாத, பித்த, கபங்களின் நிலைமாற்றமே என்று கொள்ளப்பட்டதால், ஈரல் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதை விட நாடி எவ்வாறு நடக்கிறது என்பதே முதற்கேள்வியாக இருந்தது. ஆகவே உடலின் உள்ளே பார்க்கும் ஆர்வம் ஒரு கருவியோடு இங்கு வந்து சேரவில்லை. நோய் ஓர் உறுப்பில் குடியிருக்கிறது என்ற கொள்கையோடு, அதாவது ஒரு பாடநூலோடு வந்தது.

அந்தப் பாடநூலின் கதை அமெரிக்க இலங்கை மிஷனுடன் தொடங்குகிறது. அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட முதல் மருத்துவ மிஷனரியான ஜோன் ஸ்கடர் 1820 இல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1847 இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருந்தகத்தையும் மருத்துவ வகுப்பையும் நிறுவினார். இலங்கையில் மேனாட்டு மருத்துவம் முறையாகக் கற்பிக்கப்பட்ட முதல் இடமாக அவ்வகுப்பையே வரலாற்றாசிரியர் கூறுவர். ஆங்கிலத்தில் பயின்ற தம் மாணவர் அரசாங்க வேலை தேடி வெளியிடங்களுக்குச் சென்றுவிடுவதைக் கண்ட கிறீன், தமிழில் பயில்பவனே கிராமத்தில் தங்குவான் என்று கணக்கிட்டு, 1864 முதல் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். அதற்கு நூல்கள் வேண்டியிருந்தமையால், தம் மாணவர்களான டன்போர்த், சப்மன் முதலியோரின் துணையுடன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பெருவேலையில் இறங்கினார். 1867 இல் சத்திரசிகிச்சை பற்றிய இரணவைத்தியமும், 1872 இல் வைத்தியாகரமும் உடற்கூற்றியல் நூலான மனுஷ அங்காதிபாதமும், 1875 இல் இரசாயனவியல் நூலான கெமிஸ்தமும் வெளிவந்தன. எலும்பு, தசை, நாளம், நரம்பு ஆகியவை ஒவ்வொன்றும் எங்கு தொடங்கி எங்கு முடிகின்றன, எதன்மேல் எது கிடக்கின்றது என்று தமிழில் அடுக்கிச் சொன்ன நூல் என்ற வகையில், அங்காதிபாதத்தைக் குடாநாட்டின் முதற் படிமக் கருவி என்று சொன்னால் அது மிகையாகாது. எக்ஸ் கதிர்ப் படமோ காந்தப் படமோ தானாக எதையும் சொல்வதில்லை. இயல்பான உடலின் அமைப்பை மனத்தில் வைத்திருப்பவருக்கே அது பேசும்.

கிறீன் 1873 இல் ஊர் திரும்பி, 1884 இல் காலமானார். எக்ஸ் கதிரை அவர் அறியார். ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் ரொன்ட்கன் அக்கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8 ஆம் திகதி. வெற்றிடமாக்கிய குழாயில் உயர்மின்னழுத்தத்தால் விரைவூட்டப்பட்ட இலத்திரன்கள் உலோகத் தகட்டில் மோதும்போது பிறக்கும் இக்கதிர், தசையை எளிதில் ஊடுருவும், எலும்பில் பெருமளவு உறிஞ்சப்படும். அதனால் மறுபுறத்தில் வைத்த படச்சுருளில் உடலின் நிழல் விழும். தம் கண்டுபிடிப்புக்கு ரொன்ட்கன் காப்புரிமை பெறவில்லை. இந்த ஒரு முடிவு வறிய நாடுகளின் மருத்துவ வரலாற்றில் பெற வேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் அக்கருவியைச் செய்யலாம் என்றிருந்ததால்தான் அது சில பத்தாண்டுகளுக்குள் உலகின் சிறு நகரங்களின் மருத்துவமனைகளையும் எட்டியது.

அக்கருவி வந்து அமர்வதற்கான மருத்துவமனைகள் குடாநாட்டில் பலவகைப் பணத்தால் எழுந்தவை. பின்னாளில் பெரியாஸ்பத்திரி என்று மக்கள் வாயில் நிலைத்துவிட்ட யாழ்ப்பாண வைத்தியசாலை, வட மாகாண அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக்கின் முயற்சியால் 1850 இல் தொடங்கப்பட்டு, வறியோருக்கு உதவும் நட்புறவுச் சங்கமொன்றின் கையில் நன்கொடைகளால் நடந்து, 1907 இல் அரசாங்கத்திடம் சென்றது. மானிப்பாயில் கிறீனின் பெயரைத் தாங்கிய வைத்தியசாலையும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென 1898 இல் இணுவிலில் திறக்கப்பட்ட மக்லியட் வைத்தியசாலையும் மிஷன் பணத்தால் நின்றன. மூளாயில் 1936 இல் தோன்றிய கூட்டுறவு வைத்தியசாலை இவற்றிலிருந்து வேறுபட்டது. அங்கத்தவர் தம் சந்தாவால் தமக்கே ஒரு வைத்தியசாலையை நடத்தலாம் என்று அது காட்டியது. மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் அரச கந்தோர்களிலும் வேலைசெய்து ஓய்வூதியத்துடன் திரும்பியோரின் பணம் ஊர்களில் புழங்கிய காலம் அது. தருமம், அரசு, கூட்டுறவு, வெளிநாட்டு உழைப்பு என்ற இந்த நால்வகைப் பணமே இன்றுவரை, விகிதம் மாறி மாறி, குடாநாட்டின் மருத்துவத்தைத் தாங்கி வருகின்றது.

சுதந்திரத்தின் பின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாயிற்று. எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கப் பணம் கேட்கப்படவில்லை. எடுத்த படம் நோயாளியின் கையிலேயே கொடுக்கப்பட்டு, அவர் வீட்டில் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைக்கப்பட்டது. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் கைதடியில் தற்காலிக இடத்தில் தொடங்கியபோது பெரியாஸ்பத்திரி போதனா வைத்தியசாலையாயிற்று. அதற்கு ஓராண்டு முன்னர், அரச நிபுணர்கள் கடமை நேரத்துக்குப் பின் தனியாக நோயாளரைப் பார்க்கலாம் என்ற அனுமதி மீண்டும் வழங்கப்பட்டிருந்தது. இன்று நாடெங்கும் சனலிங் எனப்படும் தனியார் மருத்துவச் சந்தைக்கு வழிவிட்டது அந்த அனுமதியே; படிம நிலையங்கள் பின்னர் அச்சந்தையின் ஓரத்தில் முளைத்து, நடுவுக்கு வந்தன.

1987 இல் இந்திய அமைதி காக்கும் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதி, தீபாவளி நாளன்று, இந்தியப் படையினர் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் நுழைந்தனர். எறிகணைக்கு அஞ்சி ஊழியரும் நோயாளரும் பலராகக் கூடியிருந்த இடங்களுள் கதிரியக்கப் பிரிவும் ஒன்று. அங்கு ஒளித்திருந்தோர்மீது சுடப்பட்டதென்று உயிர்தப்பியோர் சாட்சியம் கூறியுள்ளனர். மறுநாட் காலை கைகளை உயர்த்தியபடி வெளியே வந்த குழந்தை மருத்துவ நிபுணர் சிவபாதசுந்தரமும் சுட்டுக் கொல்லப்பட்டார். வைத்தியர், தாதியர், சிற்றூழியர் என 21 ஊழியர் உட்பட ஏறத்தாழ 70 பேர் அந்த இரு நாட்களிலும் இறந்தனர். இருதரப்பு மோதலிடையே நேர்ந்த இறப்புகள் என்று இந்தியத் தரப்பு சொன்னது. சாட்சியங்கள் அதற்கு இடம் தரவில்லை. கதிரியக்கப் பிரிவைக் கனத்த சுவர்களுக்குள் அமைப்பது கதிர் வெளியே செல்லாதிருப்பதற்காக. அத்தகைய பிரிவில் மக்கள் அடைக்கலம் தேடியது இயல்பானதே. இறந்த ஊழியரின் படங்களுக்கு ஆண்டுதோறும் வைத்தியசாலையில் அஞ்சலி செலுத்தப்படுகின்றது.

1990 இல் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் தொடங்கியபோது தேசிய மின்வழங்கல் குடாநாட்டுக்கு அற்றுப்போயிற்று. எரிபொருளும், ரோச் பற்றறி போன்ற சிறு பொருள்களும்கூடத் தடைப்பட்டியலில் சேர்ந்தன. கோட்டைக்கு அருகிலிருந்த வைத்தியசாலை அவ்வாண்டின் இறுதியில் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் காப்புக்குட்பட்ட வலயமாக்கப்பட்டது. இந்த நிலைமையில் எக்ஸ் கதிர் பிழைத்துக்கொண்டது என்பதே அதன் பெருமை. ஒரு படத்துக்கு நொடியிலும் குறைந்த நேரம் மின் இருந்தாற் போதும். மின்பிறப்பாக்கியை வேண்டும்போது ஓட்டிப் படம் எடுத்து, இருட்டறையில் இரசாயனக் கரைசலில் அலம்பி, வெயிலில் காயவிடலாம். அதற்கு மேற்பட்ட எந்தப் படத்துக்கும் கொழும்புக்கே போக வேண்டும். அவ்வழி எளிதல்ல. புலிகளிடம் பாஸ் பெற்று, இரவில் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்து, வவுனியாவில் சோதனைக்கு நின்று போக வேண்டியிருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பெரியாஸ்பத்திரியின் பணிகளும் பெயர்ந்தன. பருத்தித்துறை மந்திகை வைத்தியசாலை பெருஞ்சுமையைத் தாங்கியது. வீட்டுப் பரணில் கிடந்த பழைய எக்ஸ் கதிர்ப் படங்கள் அந்த இடப்பெயர்வில் காணி உறுதிகளோடும் பள்ளிச் சான்றிதழ்களோடும் தொலைந்தன. பின்னரும் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002 இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடப்பட்டு, போர் முடிந்த பின்னரே மீண்டும் திறந்தது. இடைக்காலங்களில் கப்பலும் விமானமுமே நோயாளரின் வழியாயின.

குடாநாடு இருளில் கிடந்த அதே ஆண்டுகளில்தான் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் பரிவுப் படிமம் மேலை நாடுகளின் மருத்துவமனைகளில் அன்றாடக் கருவியாயிற்று. அதன் அடிப்படை எளிமையானது. உடலில் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரு ஐதரசன் அணுக்கள். ஐதரசனின் கருவான புரோத்தன் மிகச் சிறிய காந்தம்போல் நடக்கும். வலிய காந்தப்புலத்தில் உடலை வைத்தால் அப்புரோத்தன்களிற் சற்றுக் கூடுதலானவை புலத்தின் திசையில் ஒருங்கும். அவற்றின் இயல்பான மீடிறனுக்குச் சரியாகப் பொருந்தும் வானொலி அலையைச் செலுத்தினால், ஊஞ்சலை அதன் வேகத்துக்கேற்பத் தள்ளும்போது அது மேலும் உயர்வதுபோல, அவை சக்தியை உறிஞ்சித் திசை மாறும். இதுவே பரிவு. அலையை நிறுத்தியதும் அவை பழைய நிலைக்கு மீண்டு, தாமே மெல்லிய வானொலி அலையை வெளியிடும். மீளும் வேகம் கொழுப்பில் ஒன்று, மூளை நீரில் ஒன்று, கட்டியில் வேறொன்று. அந்த வேறுபாடே படமாகின்றது. பெலிக்ஸ் புளொக்கும் எட்வேட் பேர்செலும் 1946 இல் தனித்தனியே கண்ட இப்பரிவை, காந்தப்புலத்தை இடத்துக்கிடம் படிப்படியாக மாற்றி எந்த அலை எவ்விடத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறியும் வழியால் 1973 இல் படமாக்கியவர் போல் லோட்டர்பர். எக்ஸ் கதிரைப் போல் உடற்கலங்களைத் தாக்கும் கதிர்வீச்சு இதில் இல்லை. முண்ணாண், மூளை, மூட்டு ஆகியவற்றின் மென்மையான பகுதிகளைக் காட்டுவதில் இதற்கு நிகர் இல்லை.

ஆனால் வணிகக் கதை ரொன்ட்கனுடையதற்கு நேர்மாறானது. கட்டிகளின் இழையம் வேறு வேகத்தில் மீள்கின்றது என்று 1971 இல் காட்டிய ரேமண்ட் டமேடியன் காப்புரிமை பெற்று, போனார் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காப்புரிமையை மீறியதற்காக ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1997 இல் போனாருக்கு 12 கோடியே 80 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. 2003 இல் நோபல் பரிசு லோட்டர்பருக்கும் பீற்றர் மான்ஸ்பீல்டுக்கும் கொடுக்கப்பட்டபோது, தாம் விடப்பட்டதை எதிர்த்து டமேடியன் தரப்பு பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் செய்தது. பரிசுச் சண்டை எப்படியாயினும், வாங்கும் நாடுகளைப் பொறுத்தவரை முடிவு ஒன்றே: இக்கருவி தொடக்கம் முதலே உரிமையாளரைக் கொண்ட பண்டமாக, சில பெரிய நிறுவனங்களின் கையில், பராமரிப்பு ஒப்பந்தத்தோடு விற்கப்பட்டது.

அது கேட்கும் மின்சாரமும் வேறு வகை. வழக்கமான 1.5 தெஸ்லா கருவியின் புலம், யாழ்ப்பாணத்தில் நிலவும் புவிக்காந்தத்தை விட ஏறத்தாழ 37,000 மடங்கு வலியது. அப்புலத்தைத் தரும் நயோபியம்-தைத்தானியம் கம்பிச்சுருள், மறை 269 பாகை செல்சியசில் திரவ ஈலியத்தில் மூழ்கியிருந்தால் மட்டுமே தடையின்றி மின்னைக் கடத்தும். அதனால் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், இரவும் பகலும், குளிரூட்டி ஓட வேண்டும். நெடுநேரம் மின் அற்றால் விலையுயர்ந்த ஈலியம் கொதித்து ஆவியாகிப் போகும். எக்ஸ் கதிருக்கு மின்பிறப்பாக்கியின் சில நிமிடங்கள் போதுமாயிருந்தன, எம்.ஆர்.ஐ. நிலையான சமாதானத்தை வேண்டி நின்றது. கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயர் அழுத்தக் கம்பி இழுக்கப்பட்டு குடாநாடு தேசிய மின்வலையமைப்போடு மீண்டும் இணைந்தது 2013 இல்தான். ஜப்பானிய அரசின் நன்கொடையால் சத்திரசிகிச்சைக் கூடம், தீவிர சிகிச்சைப் பிரிவு முதலியவற்றுக்கான புதிய கட்டடம் பெரியாஸ்பத்திரியில் எழுந்ததும், தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 2011 இல் நடந்த நடைபவனி திரட்டிய பணத்தால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைந்ததும் அக்காலத்தை ஒட்டியே. எம்.ஆர்.ஐ. யாழ்ப்பாணத்துக்கு வந்தது இவ்வாறு போருக்குப் பிந்திய காலத்தின் பொருளாக. அரச வைத்தியசாலையில் முறைக்குக் காத்திருப்பது ஒரு வழி. காசு கட்டி உடனே எடுப்பது மறுவழி. இரண்டாவதற்கான காசு கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் பிள்ளையிடமிருந்து வருவதுண்டு. மலாயா ஓய்வூதியத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டது.

இவ்வளவும் கூடிவந்த பின்னரும், போர் காணாத இடங்களில் அரிதாக எழும் ஒரு சிக்கல் இங்கு அன்றாடமாக எழுகின்றது. ஏறத்தாழ மூன்று பத்தாண்டுப் போரில் காயமுற்ற பலருடைய உடலில், எடுத்தால் ஆபத்து கூடும் என்று சத்திரசிகிச்சையாளர் விட்டுவிட்ட எறிகணைத் துண்டுகள் இன்னும் உள்ளன. மக்கள் அவற்றைச் சுருக்கமாகச் செல் பீஸ் என்பர். ஈயத்தாலும் செம்பாலும் ஆன துப்பாக்கிச் சன்னங்களைக் காந்தம் பெரும்பாலும் இழுப்பதில்லை. எறிகணையின் உறையோ உருக்கு. வலிய புலத்தில் அது திரும்ப முயலும், இழுபடும், சிலவேளை சூடேறும். கண்ணில் இருந்த சிறு உலோகத் துண்டு காந்தப்புலத்தில் நகர்ந்து பார்வையைப் பறித்த நிகழ்வு ஒன்று 1980களின் நடுப்பகுதியிலேயே மருத்துவ ஏடுகளில் பதிவாயிற்று. முண்ணாணுக்கு அருகிலும் பெரிய நாளங்களுக்கு அருகிலும் உள்ள துண்டுகளும் அவ்வாறே அஞ்சத்தக்கவை. தசையில் ஆழப் பதிந்து, ஆண்டுகள் சென்று, வடு இழையம் சூழ்ந்த துண்டு பெரும்பாலும் அசையாது என்றாலும், அதைச் சுற்றிப் படம் கருமையாகிச் சிதையும். காண வேண்டிய இடம் அதுவேயாயின் எடுத்த படம் வீண். ஆகவே காந்தக் கூடத்துக்குள் செல்லும் முன் எக்ஸ் கதிர்ப் படத்தில் துண்டின் இடத்தைப் பார்த்து, கதிரியல் நிபுணர் முடிவெடுக்க வேண்டியுள்ளது. முதுகில் துண்டோடு வாழும் ஒருவருக்கு முதுகுவலிக்கான எம்.ஆர்.ஐ. மறுக்கப்படலாம் என்பது இந்தப் புதிய கருவி பழைய போரிடம் தோற்கும் இடம்.

அந்த முடிவை எடுக்கும் ஆட்களும் பெருகவில்லை. படப்பிடிப்பாளர் பயிற்சிக்கும் பட்டத்துக்கும் கொழும்புக்கும் பேராதனைக்கும் செல்வதே நெடுங்கால வழக்கம். நிபுணத்துவத்துக்குக் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகம். 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை நீண்டது. அதைத் தொடர்ந்து நிபுணர் பலர் நாட்டை விட்டு அகன்றனர். கிறீன் 1864 இல் எந்தக் கசிவை அடைக்கத் தமிழுக்கு மாறினாரோ, அதே கசிவு இன்று உலகச் சந்தையின் அளவில் நடக்கின்றது; அதற்கு மொழிமாற்றம் மருந்தாகாது, ஊதியமும் பணியிட வசதியும்தான் மருந்து. நன்கொடையாளரும் புலம்பெயர் அமைப்புகளும் பெயர்ப்பலகை வைக்கக்கூடிய கருவிக்கு மனமுவந்து கொடுக்கின்றனர். அதை இயக்குபவரின் பயிற்சிக்கும், ஐந்தாம் ஆண்டின் பராமரிப்புக் கட்டணத்துக்கும் கொடுப்போர் குறைவு. இது மாற வேண்டும்.

அதற்கு முன் செய்யக்கூடிய சிறு வேலையொன்றும் உண்டு. போரில் காயமுற்றவரின் எக்ஸ் கதிர்ப் படம் இனியும் வீட்டுப் பரணை நம்பியிருத்தல் ஆகாது. உடலில் துண்டு உள்ள ஒவ்வொருவருக்கும் அது எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று தமிழில் எழுதிய அட்டையொன்றைக் கொடுத்து, படத்தை இலக்கமுறையில் வைத்தியசாலையிலேயே பேண வேண்டும். அது வரும்வரை, பழைய காயம் உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் செல்லுமுன் அதனை ஒளிக்காமற் சொல்லி, கையிலுள்ள பழைய படத்தையும் உடன் கொண்டுசெல்வார்களாக.